சில்லுச் சில்லாய்க் கிடைத்த வரலாறு: பெலிம்பிங் ஆமையின் புதைபடிவங்கள்



கடலாமை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு வாக்கியம் பல தாள்களில் தவறாமல் வந்துவிடும். "பெலிம்பிங் ஆமை டைனோசர் காலத்திலிருந்து சிறிதும் மாறாமல் வாழ்ந்துவரும் உயிருள்ள புதைபடிவமாகும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. பயிற்சி நூலிலும் இருக்கும், இணையத்திலும் இருக்கும். ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும்தான் தேறும். 'சிறிதும் மாறாமல்' என்பது நூறாண்டுகளுக்கு முன்பே விவாதித்துத் தள்ளப்பட்ட கருத்து. அது எப்படித் தள்ளப்பட்டது, எந்த எலும்பை வைத்துத் தள்ளினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. வரலாறு படிப்பவர்கள் சான்றுகளை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து குறைவு.

முதலில் ஆமையை அடையாளம் கண்டுகொள்வோம். மலேசியாவில் இருப்பவர்கள் பர்சில் 20 ரிங்கிட் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்க. அதில் இரண்டு கடலாமைகள் இருக்கும். ஒன்று அலுங்காமை, மற்றது நம் பெலிம்பிங் ஆமை. மலாயில் பென்யு பெலிம்பிங். பெலிம்பிங் என்றால் நாம் உப்புத் தொட்டுச் சாப்பிடுகிற நட்சத்திரப் பழம். அந்தப் பழத்தில் இருப்பதுபோல இதன் முதுகிலும் நீளவாக்கில் மேடுகள் ஓடும். தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் அந்த மேடுகளை எண்ணியே பேர் வைத்துவிட்டார்கள்: ஏழுவரி ஆமை. இரண்டு மொழிக்காரர்களும் முதுகைப் பார்த்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகளும் அப்படியே. 1761-இல் இத்தாலியின் பாதுவா நகரில் இருந்த டொமெனிக்கோ வாண்டெல்லி இதற்கு வைத்த லத்தீன் பெயரின் பொருள் 'தோலாமை'. இன்றைய அறிவியல் பெயரான டெர்மோகெலிஸ் கோரியேசியா என்பதிலும் 'தோல்' இரண்டு தடவை வருகிறது, கிரேக்கத்தில் ஒருமுறை, லத்தீனில் ஒருமுறை.

இன்று உயிரோடு இருக்கும் கடலாமைகளில் இதுதான் மிகப் பெரியது. 1988-இல் வேல்ஸ் நாட்டின் ஹார்லெக் கடற்கரையில் ஒதுங்கிய ஓர் ஆண் ஆமை 916 கிலோ இருந்தது, நீளம் 2.91 மீட்டர். அதன் உடலை இன்றும் கார்டிஃப் நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சரி, முதுகுக்கு வருவோம். மற்ற ஆமைகளுக்கு ஓடு எப்படி அமைகிறது? விலா எலும்புகள் அகன்று தட்டையாகி, ஒன்றோடொன்று தைத்தது மாதிரி சேர்ந்துவிடுகின்றன. அதன்மேல் நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளில் தகடுகள் மூடியிருக்கும். கெட்டியான பெட்டி. பெலிம்பிங் ஆமையிடம் அந்தப் பெட்டி இல்லை. அதன் விலா எலும்புகள் அகலாமல், சேராமல், தனித்தனியாகவே நிற்கின்றன. அவற்றுக்கு மேலே எண்ணெய்ப் பசையுள்ள தடித்த நார்த்திசு. அந்தத் திசுவுக்குள், தோலுக்குச் சற்றே கீழே, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எலும்புச் சில்லுகள் பதிந்திருக்கின்றன. பழைய வீடுகளின் குளியலறைத் தரையில் மொசைக் பதித்திருப்பார்களே, அதேபோல.

இந்த அமைப்பால் ஆமைக்கு நன்மை உண்டு. ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறும்போது கெட்டி ஓடு மாதிரி முரண்டு பிடிக்காமல் உடல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இந்த ஆமை 1,200 மீட்டருக்கும் கீழே முக்குளிப்பது பதிவாகியிருக்கிறது. ஆனால் புதைபடிவம் தேடுகிறவர்களுக்கு இதே அமைப்பு பெரிய தலைவலி. ஆமை இறந்ததும் தோல் அழுகும், சில்லுகள் பிரிந்து கடலடியில் சிதறிப்போகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்துப் பாறைக்குள் கிடைப்பது, பெரும்பாலும், பலகோண வடிவத்தில் நாலைந்து சில்லுகள். முழு ஆமை அல்ல.

அப்படி ஒரு கண்டெடுப்பில்தான் இந்தக் குடும்பத்தின் வரலாறு சூடுபிடிக்கிறது. இன்றைய ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராத்திஸ்லாவாவை ஒட்டி டெவின்ஸ்கா நோவா வெஸ் என்ற இடம் இருக்கிறது. ஸ்லோவாக்கியாவுக்குக் கடற்கரையே கிடையாது, வரைபடத்தில் பாருங்க. ஆனால் மயோசீன் காலத்தில், சுமார் 10 முதல் 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே பாராடெதிஸ் என்று இன்று அழைக்கப்படும் கடல் இருந்தது. அங்கிருந்து கிடைத்த சில்லு பதித்த ஓட்டுத் துண்டுக்கு 1847-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் மேயர் ஒரு பெயர் வைத்தார்: செஃபோஃபோரஸ் பாலிகோனஸ். கிரேக்கத்தில் செஃபோஸ் என்றால் கூழாங்கல், ஃபோரஸ் என்றால் சுமப்பது. கூழாங்கல் சுமப்பவன்! வகுப்பில் சொல்லிப் பாருங்க, மாணவர்கள் மறக்க மாட்டார்கள். பிளேட்டியோசாரஸ் டைனோசருக்கும், பறவைக்கும் ஊர்வனவுக்கும் இடைப்பட்டதாகப் பாடநூலில் வரும் ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கும் பெயர் வைத்தவரும் இந்த மேயர்தான்.

சில்லுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விலங்கை அடையாளம் காண்பது லேசுப்பட்ட வேலை இல்லை. உடம்பில் எலும்புச் சில்லு பதித்த விலங்குகள் வேறும் இருக்கின்றன. தென் அமெரிக்காவின் ஆர்மடில்லோ ஒன்று. முதலைக்கும் முதுகுத் தோலில் எலும்புத் தகடுகள் உண்டு. மேயர் பெயர் வைத்து முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 1880-இல், ஆங்கிலேய அறிஞர் ஹாரி கோவியர் சீலி இந்தப் படிவங்களை விரிவாக ஆராய்ந்து, இது தோலாமைக்கு நெருங்கிய உறவுடைய ஆமை என்று லண்டன் புவியியல் சங்க இதழில் எழுதினார். டைனோசர்களை இடுப்பெலும்பை வைத்து இரண்டு பெரும் பிரிவாகப் பிரித்தவரும் இவரே. எலும்பின் அமைப்பை நுணுக்கமாகப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

இதற்குள் இன்னொரு சண்டை தொடங்கிவிட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் தேர்வு வாக்கியத்தின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமானது.

அமெரிக்காவின் எட்வர்டு டிரிங்கர் கோப் 1871-இல் ஆமைகளை வகைப்படுத்தும்போது, தோலாமையை மற்ற எல்லா ஆமைகளிலிருந்தும் பிரித்துத் தனிப் பிரிவாக நிறுத்தினார். பெயர் அதெக்கே, அதாவது 'கூடு இல்லாதவை'. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆமைப் பட்டியலைத் தயாரித்த புலெஞ்சரும் 1889-இல் அதே வழியில் போனார். இவர்கள் பார்வையில் தோலாமை ஆமைகளுக்கெல்லாம் மூத்தது. விலா எலும்புகள் இன்னும் ஓடாகச் சேராத ஆதி நிலையை அது அப்படியே காட்டுகிறது. நம் மாணவர் எழுதுகிற 'சிறிதும் மாறாமல்' என்பதற்கு அன்றைய அறிஞர் ஆதரவு இது. சும்மா கிளம்பின கதை இல்லை.

எதிர்ப்பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் பௌர். அவர் சொன்னது நேர் எதிரானது. தோலாமை மூத்தது இல்லை. கடலாமைகளில் ஒன்றிலிருந்து பின்னால் பிரிந்து போனது. அதன் மூதாதைக்குச் சாதாரண ஓடு இருந்தது. அது பிற்பாடு குறைந்துபோனது. மண்டையோடு, துடுப்புக் கால் எலும்புகள் எல்லாம் கடலாமைகளோடுதான் ஒத்துப்போகின்றன என்பது இந்தத் தரப்பின் வாதம். ஒரே ஆமை, ஒரே எலும்புக்கூடு. ஒருவர் கண்ணுக்கு அது மூத்த தாத்தா, இன்னொருவர் கண்ணுக்குக் கடைக்குட்டி.

தீர்ப்பை நோக்கி வழக்கை நகர்த்தியவர் பெல்ஜியத்தின் லூயி டொலோ. பிரசெல்ஸ் அருங்காட்சியகத்தில் இகுவானோடோன் டைனோசர்களை எழுப்பி நிறுத்தியவர். 1893-இல் அவர் ஒரு விதியைச் சொல்லியிருந்தார்: பரிணாமத்தில் ஓர் உறுப்பு தொலைந்துவிட்டால் அது பழையபடி அச்சு அசலாகத் திரும்பி வராது. தேவை மறுபடி வந்தால், உயிரினம் வேறு ஒன்றை வைத்துத்தான் சமாளிக்கும். 1901-இல் அவர் தோலாமையின் தோற்றம் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த விதியை வைத்தே கதையைச் சொன்னார். கரையோரக் கடலாமை ஒன்று ஆழ்கடலுக்குப் போனது, கனமான ஓடு அங்கே வேண்டாத சுமை, குறைந்துபோனது. பிறகு அதன் வாரிசுகள் கரையோரத்துக்குத் திரும்பியபோது மறுபடி கவசம் தேவைப்பட்டது. பழைய ஓடு திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாகத் தோலுக்குள் புதிதாகச் சில்லுகள் முளைத்தன. அப்புறம் மீண்டும் ஆழ்கடலுக்குப் போனபோது அந்தச் சில்லுக் கவசமும் மெலிந்துபோனது.

கரைக்கும் கடலுக்கும் இப்படிப் போய்ப் போய் வந்தது என்பது டொலோவின் ஊகம். அதை அப்படியே தேர்வில் உண்மையாக எழுத வேண்டாம். ஆனால் அவர் கதையின் கரு நிலைத்துவிட்டது: தோலாமையின் முதுகில் இருப்பது ஆமைகளின் ஆதி ஓடு அல்ல, அது பின்னால் வந்த இரண்டாவது கவசம். பழைய ஓடு தேய்ந்தது ஒரு மாற்றம், புதிய சில்லுகள் வந்தது இன்னொரு மாற்றம். இந்த ஒரு முதுகிலேயே இரண்டு பெரிய மாற்றங்கள் எழுதியிருக்கின்றன. மாறாத விலங்கு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஊகம் என்று விட்டுவிடாமல், புதைபடிவங்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

பழைய பக்கத்திலிருந்து தொடங்கினால், ஜப்பானின் ஹொக்கைடோ தீவு. அங்கே கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் கிடைத்த ஆமைக்கு 1996-இல் ரென் ஹிராயாமாவும் சிட்டோக்கு என்ற அறிஞரும் மெசோடெர்மோகெலிஸ் என்று பெயர் வைத்தார்கள். 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தன அல்லவா, அதற்கும் முந்தியது இது. தோலாமைக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர்களில் ஒன்று என்று கருதப்படுகிறது. ஆனால் முதுகைப் பாருங்கள்: சில்லு மொசைக் கிடையாது. மற்றக் கடலாமைகள் மாதிரி பெரிய தட்டெலும்புகள்தான். ஆக, டைனோசர் காலத்தில் இந்தக் குடும்பம் இருந்தது உண்மை. இன்று 20 ரிங்கிட் நோட்டில் இருக்கும் ஆமை அன்று இல்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் கட்டாயம் ஆர்க்கெலானைப் பற்றிக் கேட்பார்கள். 1895-இல் அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் ஜார்ஜ் வீலண்ட் தோண்டி எடுத்த ராட்சச ஆமை; மறு ஆண்டு பெயர் வைத்தார். எலும்புக்கூடு யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வலது பின் துடுப்பின் கீழ்ப்பகுதி இல்லை. படத்தைப் போட்டு 'தோலாமையின் தாத்தா' என்று எழுதிவிடுகிறார்கள். ஆர்க்கெலான் புரோட்டோஸ்டெகிட் என்ற வேறு குடும்பம். அந்தக் குடும்பம் தோலாமைக்கு ஒன்றுவிட்ட உறவா, இல்லை கடலாமைக் கிளைக்கே வெளியில் நிற்பதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நேர் மூதாதை என்று யாரும் சொல்வதில்லை. படம் அழகாக இருக்கிறது என்பதற்காகப் பயிற்சித் தாளில் சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்து இங்கிலாந்து. தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஷெப்பி என்று ஒரு தீவு. அங்கே கடல் அரிக்கும் கரையில் 'லண்டன் களிமண்' என்ற படிவம் வெளித்தெரிகிறது. வயது சுமார் 50 மில்லியன் ஆண்டுகள், இயோசீன் காலத்தின் தொடக்கப் பகுதி. அங்கிருந்து கிடைத்த பெரிய தோலாமை உறவை ரிச்சர்டு ஓவன் முதலில் சாதாரணக் கடலாமையாக எண்ணிப் பெயரிட்டார். பிறகு லிடெக்கர் அதைத் தனியாகப் பிரித்து இயோஸ்பார்கிஸ் என்றார். ஸ்பார்கிஸ் என்பது அந்தக் காலத்தில் தோலாமைக்கு வழங்கிய பேரினப் பெயர். இயோ என்றால் விடியல். 'விடியற்காலத் தோலாமை'.

ஷெப்பியில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். அந்தக் களிமண்ணில் ஏராளமாகக் கிடைக்கும் புதைபடிவக் காய் எது தெரியுமா? நீப்பா பனை. நம் சதுப்புக் கரைகளில் நிற்கிற, அத்தாப்புக் கூரை வேய்கிற, ஐஸ் கச்சாங்கில் 'அத்தாப் சீ' என்று போட்டுத் தருகிற அதே வகைப் பனை. எலினர் ரீடு, மார்ஜரி சாண்ட்லர் என்ற இரு பெண் அறிஞர்கள் 1933-இல் வெளியிட்ட பெரிய நூலில் லண்டன் களிமண்ணின் தாவரங்களை இன்றைய மலாயா வட்டாரக் காடுகளோடு ஒப்பிட்டார்கள். தேம்ஸ் முகத்துவாரம் ஒரு காலத்தில் நம் குவாலா மாதிரி இருந்தது என்றால் மாணவர்களுக்கு இயோசீன் காலத்தின் வெப்பம் உடனே புரியும். 'புவி அன்று வெப்பமாக இருந்தது' என்று பத்து தடவை சொல்வதைவிட இது மேல்.

அந்த இயோசீன் காலம்தான் தோலாமைக் குடும்பத்தின் பொற்காலம். எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்திலிருந்து ஒன்றை சார்ல்ஸ் ஆண்ட்ரூஸ் 1901-இல் அறிவித்தார். நைஜீரியாவிலிருந்து கிடைத்த இன்னொன்றுக்கு 1919-இல் அவரே காஸ்மோகெலிஸ் டொலோய் என்று பெயர் வைத்தார். அந்த 'டொலோய்' யார் என்று இப்போது உங்களுக்கே தெரியும். நியூசிலாந்தின் தென் தீவில் கிடைத்த இயோசீன் ஆமைக்கு ரிச்சர்டு கோலர் 1995-இல் செஃபோஃபோரஸ் டெர்ரிபிராட்செட்டி என்று பெயரிட்டார். டெர்ரி பிராட்செட் ஆங்கில நாவலாசிரியர். அவருடைய 'டிஸ்க்வேர்ல்டு' கதைகளில் உலகமே நான்கு யானைகளின் முதுகில் இருக்கும், அந்த யானைகள் ஒரு பிரம்மாண்ட ஆமையின் முதுகில் நிற்கும். ஆமை மேல் உலகம் என்றதும் நமக்கு மந்தர மலையைத் தாங்கிய கூர்மாவதாரம் ஞாபகம் வரும். இலக்கியப் பாடம் எடுக்கிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

பொற்காலம் வெப்பமான காலம். அப்படியானால் தோலாமை வெப்பக் கடலின் பிராணியா? இங்கேதான் அடுத்த சுவையான செய்தி. அண்டார்ட்டிகாவை ஒட்டிய சீமோர் தீவின் இயோசீன் படிவங்களிலும் தோலாமைக் குடும்பத்தின் எலும்புகள் கிடைத்தன. 1995-இலும் 2003-இலும் இவை பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. அன்று அண்டார்ட்டிகா இன்றைக்கு இருப்பதுபோல் பனியால் மூடப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் தென் கோடிக் கடல், நீர் குளிர்ந்திருந்தது. குளிர் ரத்தப் பிராணி என்று நாம் சொல்லிக்கொடுக்கிற ஆமை அங்கே என்ன செய்தது?

உயிருள்ள ஆமை இதற்கு விடை வைத்திருக்கிறது. 1972-இல் வெய்ன் ஃப்ரேரும் இரண்டு சக ஆய்வாளர்களும் கனடாவின் கிழக்குக் கடலில் பிடிபட்ட ஒரு தோலாமையை 7.5 பாகை செல்சியஸ் நீரில் வைத்து உடல் வெப்பம் அளந்தார்கள். 25.5 பாகை இருந்தது. நீரைவிட 18 பாகை கூடுதல்! பெரிய உடல், தடித்த கொழுப்பு, ஓயாமல் நீந்தும் தசைகள் உண்டாக்கும் சூடு, துடுப்புக்குப் போகும் ரத்தமும் திரும்பும் ரத்தமும் அருகருகே ஓடி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் குழாய் அமைப்பு, எல்லாம் சேர்ந்து இதைச் சாத்தியமாக்குகின்றன. அண்டார்ட்டிகா எலும்புகளை 2003-இல் ஆராய்ந்தவர்கள், இந்தச் சூடு காக்கும் திறமை இயோசீன் காலத்திலேயே குடும்பத்தில் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். எலும்பில் வெப்பமானி கிடையாது. எலும்பு கிடைத்த இடமே சான்றாகிறது. வரலாற்று மாணவர்கள் இந்த வகை வாதத்தைக் கவனியுங்கள்: பொருள் என்ன என்பதோடு, அது எங்கே இருந்தது என்பதும் சாட்சி சொல்லும்.

ரோஜர் வுட் தலைமையிலான குழு 1996-இல் அதுவரை கிடைத்த படிவங்களையெல்லாம் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. பெருவிலிருந்து ஒரு புதிய ஆமைக்கும் பெயர் வைத்தது. அவர்கள் வரைந்த படம் தெளிவானது: இயோசீனில் பல கிளைகள் ஒரே காலத்தில் வாழ்ந்தன, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தன, மிஞ்சியது ஒரே கிளை. மேயரின் கூழாங்கல் சுமப்பவன் மயோசீன் வரைக்கும் தாக்குப்பிடித்தது, அதுவும் போய்விட்டது. அதன் சில்லுகள் தடிமனானவை. இன்றைய ஆமையின் சில்லுகள் மெல்லியவை. டொலோ சொன்ன 'கவசம் மெலிந்தது' என்ற பகுதிக்கு இதுவே கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று.

ஒரே கிளையும் சௌகரியமாக வரவில்லை. 1999-இல் பீட்டர் டட்டனும் குழுவினரும் உலகின் பல கரைகளில் முட்டையிடும் தோலாமைகளின் தாய்வழி மரபணுவை ஒப்பிட்டார்கள். அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல், எங்கே எடுத்தாலும் வேறுபாடு ஆச்சரியமான அளவுக்குக் குறைவு. இன்று உயிரோடு இருக்கும் தோலாமைகளின் தாய்வழிகள் எல்லாம் 9 லட்சம் ஆண்டுகளுக்குள் ஒன்றாகிவிடுகின்றன என்று கணக்கிட்டார்கள். 100 மில்லியன் ஆண்டு பாரம்பரியம் பேசுகிற ஆமைக்கு இது நேற்று மாதிரி. பனிக்கால நெருக்கடியில் இந்த இனம் ஒரு குறுகிய புகலிடத்தில் ஒதுங்கிப் பிழைத்து, அங்கிருந்து மறுபடி உலகக் கடல்களுக்குப் பரவியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். புகலிடம் எங்கே இருந்திருக்கும்? இந்திய-பசிபிக் வட்டாரம், அதாவது நாம் இருக்கும் பக்கம் என்று கருதினார்கள்.

இதை வைத்து 'தோலாமை 9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது' என்று எழுதினால் அதுவும் தப்பு. அது தாய்வழி மரபின் வயது, இனத்தின் பிறந்தநாள் இல்லை. ஒரு கம்பத்தில் இருக்கும் எல்லாக் குடும்பமும் ஒரே பாட்டியின் வாரிசாக இருக்கலாம். அதற்காக அந்தப் பாட்டிக்கு முன்னால் கம்பத்தில் மனிதர்களே இல்லை என்று ஆகாது. குடும்பத்தின் வயது, இனத்தின் வயது, இன்று இருப்பவர்களின் பொது மூதாதையின் வயது, இவை மூன்றும் வேறு வேறு. நான் பார்த்தவரை கட்டுரைகளில் குழப்பம் வருவது இந்த மூன்றையும் ஒன்றாக்குவதால்தான்.

ஆகவே விடைத்தாளில், "தோலாமைக் குடும்பம் டைனோசர் காலத்திலேயே இருந்தது, இன்று அதில் எஞ்சியிருப்பது ஓர் இனம் மட்டுமே" என்று எழுதுங்கள். ஒரு சொல்லும் வீண் இல்லை, ஒரு சொல்லும் தப்பு இல்லை. இன்னும் ஒரு வரி சேர்க்க இடம் இருந்தால் சில்லுக் கவசம் பின்னால் வந்தது என்று சேருங்கள்.

அந்த எஞ்சிய ஓர் இனம் நம் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் 1950-களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் பதிவாயின. உலகின் முக்கியமான தோலாமைக் கரைகளில் அது ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது ராத்திரியில் டார்ச் லைட்டோடு நின்று ஆமை முட்டையிடுவதைப் பார்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்க. 1990-களின் முடிவில் கூடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. பல பத்தாண்டுகளாக முட்டைகளை எடுத்து விற்றது, மீன்பிடி வலைகளில் பெரிய ஆமைகள் சிக்கியது, இவை முக்கியக் காரணங்கள்.

காப்பாற்றும் முயற்சியிலேயே ஒரு சிக்கல் இருந்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடு முடிவு செய்கிறது. தோலாமைக்கு ஏறத்தாழ 29.5 பாகைக்கு மேல் போனால் பெண் குஞ்சுகளே அதிகம். முட்டைகளை வாங்கிப் பொரிப்பகத்தில் புதைத்தார்கள். 1990-களில் சான் எங் ஹெங், லியூ ஹொக் சார்க் என்ற திரெங்கானு ஆய்வாளர்கள் மணலின் வெப்பத்தை அளந்து பார்த்தபோது, அந்தப் பொரிப்பகக் குஞ்சுகள் கிட்டத்தட்ட எல்லாமே பெண்ணாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. 2022 ஜூன் முதல் திரெங்கானுவில் எந்தக் கடலாமை முட்டையையும் விற்பது சட்டப்படி தடை. தோலாமை முட்டைக்கான தடை அதற்கும் முன்பே வந்துவிட்டது.

கடைசியாக, வகுப்பில் செய்து பார்க்க ஒன்று. கெட்டி அட்டையில் ஓர் ஆமையின் முதுகை வரைந்து, பலகோணத் துண்டுகளாக அறுபது துண்டு வெட்டுங்கள். அதே நிறத்தில் ஒரு ஆர்மடில்லோ படத்தையும் அதே மாதிரி வெட்டுங்கள். இரண்டையும் கலந்து, ஒவ்வொரு குழுவுக்கும் உறையில் ஏழு துண்டுகள் மட்டும் கொடுங்கள். இது என்ன விலங்கு, எதனால் அப்படிச் சொல்கிறீர்கள் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மண்டையோட்டுப் படமோ துடுப்பு எலும்புப் படமோ கொடுத்து, முதல் முடிவை மாற்றுவதா வேண்டாமா என்று மறுபடி எழுதச் சொல்லுங்கள். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் அதுவே கோப், பௌர் விவாதத்தை விளக்கிவிடும். படிவம் 1 மாணவர்களுக்கு ஒரு பாடவேளை போதும்; பெரிய வகுப்பென்றால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் வேலையை மட்டும் முந்தின நாளே முடித்துவிடுங்க.